கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள்: நடையும் பயன்பாடும் – நெல்லியடியை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, வல்லை வெளியைக் கடந்ததும் எதிர்ப்படும் முதற் கடைத்தெரு நெல்லியடியாகும். சந்தையும் பாடசாலைகளும் பஸ் தரிப்பிடமும் சூழ்ந்த இச்சந்தியிலே நின்று சுற்றிலும் நோக்குபவருக்கு எழுத்துக்களே முதலிற் புலனாகும். துணிக்கடைப் பெயர்ப்பலகை, தனியார் கல்வி நிலைய விளம்பரம், மங்கல விழா வாழ்த்து, மின்கம்பத்திலே கட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலி ஆகிய யாவும் எழுத்துக்களே. இவற்றுட் சில, அச்செழுத்தின் நேர்மையான உருவத்தை விடுத்து, யாரோ ஒருவர் பேனாவினாலோ தூரிகையினாலோ விரைந்து எழுதியவை போன்ற தோற்றத்தைக் கொண்டுள்ளன. அவ்வாறு எழுதியவர் ஒருவரும் இலர். கணினியிலுள்ள ஓர் எழுத்துரு அத்தோற்றத்தை வழங்கியுள்ளது. இவ்வகை எழுத்துருவின் இயல்பு யாது, தமிழிலே அது எவ்வாறு அமைதல் கூடும், எங்கே பயன்படுத்தத்தக்கது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரைவிலக்கணம்

எம்மவர் பாடசாலைகளிலே 'உறுப்பெழுத்து' என்றொரு பயிற்சி உண்டு. ஒவ்வோர் எழுத்தின் உறுப்புக்களையும் அளவு பிசகாது, கோட்டுக்குள் அடக்கி எழுதுதல் அதன் நோக்கமாகும். அதே மாணவர் வகுப்பிலே குறிப்பெடுக்கும்போதும், வீட்டுக்குக் கடிதம் வரையும்போதும் எழுதும் எழுத்து வேறானது. அதனை 'ஓட்டெழுத்து' எனக் குறிப்பிடலாம். உறுப்பெழுத்தைப் பின்பற்றும் அலங்கார எழுத்துருக்கள் ஒருவகை. ஓட்டெழுத்தைப் பின்பற்றுவன மற்றொரு வகை. பின்னதையே இங்கு 'கையெழுத்துச் சாயல் எழுத்துரு' என்கிறோம்.

இதன் பொது இயல்புகள் மூன்று. முதலாவது, எழுதுகருவியின் சுவடு. கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பேனா முனையின் அல்லது தூரிகையின் அழுத்தம் தெரியும். இரண்டாவது, விரைவின் சுவடு. எழுதுபவர் கையை எடுக்காமலே அடுத்த உறுப்புக்குச் செல்வதால் முனைகள் மழுங்கும், சுழிகள் தளரும். மூன்றாவது, ஒழுங்கின்மையின் சுவடு. எழுத்துக்கள் ஒரே உயரத்திலும் ஒரே சாய்விலும் நில்லா. இம்மூன்றும் சேர்ந்தே 'இதனை ஒரு மனிதர் எழுதினார்' என்ற உணர்வைத் தருகின்றன.

2. மேலைநாட்டு அனுபவம்

உரோம எழுத்தை வழங்கும் நாடுகளிலே அச்செழுத்துக்கும் கையெழுத்துக்குமிடையே தொடக்கமுதலே நெருங்கிய உறவு இருந்து வந்துள்ளது. 1501ஆம் ஆண்டிலே வெனிசு நகரப் பதிப்பாளர் அல்தூசு மனூத்தியசு, பிரான்செசுக்கோ கிறிபோ வெட்டிய சாய்வெழுத்திலே சிறு நூல்களை வெளியிட்டார். அன்றைய புலமையாளர் வேகமாக எழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரியாயிற்று. ஆகவே, அங்கே சாய்வெழுத்து என்பது நேரெழுத்தைச் சரித்து வைத்தது அன்று. அது வேறொரு கையசைவிலிருந்து பிறந்த உருவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் விளம்பரத்துறை ஓட்டெழுத்தின் தேவையைப் பெருக்கியது. 1942இல் அமெரிக்காவிலே றொபேட் சிமித் வடிவமைத்த 'பிறஷ் ஸ்கிறிப்ற்' கடை விளம்பரங்களிலே பெருவழக்குப் பெற்றது. 1953இல் பிரான்சு நாட்டு றொஜே எக்ஸ்கொஃபோன் தமது சொந்தக் கையெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு 'மிஸ்திறால்' என்பதை உருவாக்கினார். தனித்தனி ஈய எழுத்துக்கள் அருகருகே வைக்கப்பட்டபோது ஒரே கோடாக இணைந்தமை அதன் தொழில்நுட்பச் சாதனையாகும். 1994இல் மைக்றோசொஃப்ற் நிறுவனத்திலே வின்சென்ற் கொனயர் வரைந்த 'கொமிக் சான்ஸ்' இதற்குப் பின்வந்த முக்கிய நிகழ்ச்சியாகும். கணினி மென்பொருளொன்றிலே பேசும் சித்திர நாயொன்றின் சொற்கள் செய்தித்தாள் எழுத்திலே வந்தமை பொருத்தமற்றது என்று கண்டே அவர் அதனை வரைந்தார். பின்னர் அது நாய்ப் பேச்சுக்கு மாத்திரமன்றி, அலுவலக அறிவித்தல்களுக்கும் எச்சரிக்கைப் பலகைகளுக்கும் பயன்படுத்தப்பட்டு ஏளனத்துக்குள்ளாயிற்று. பழுது எழுத்திலே இல்லை. இடமறியாது வைத்தமையே பழுதாகும். இப்பாடம் எமக்கும் உரியது.

3. தமிழிலே ஏடும் அச்சும்

தமிழெழுத்தின் இன்றைய வட்ட வடிவங்கள் பெரிதும் ஓலையிலே எழுத்தாணியால் எழுதிய வழக்கத்தோடு தொடர்புடையவை. ஓலையின் நரம்பு வழியே நேர்கோடு கீறினால் ஓலை பிளக்கும். புள்ளி குத்தினால் துளை விழும். ஆதலால் ஏட்டெழுத்திலே பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. சொற்களுக்கிடையே வெளியும் விடப்படவில்லை. வாசகர் தம் மொழியறிவு கொண்டே சொற்பிரித்துப் படித்தனர்.

1578இலே கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்க'மும், 1713முதல் தரங்கம்பாடியிலே தொடங்கிய அச்சுப்பணியும் இந்நிலையை மாற்றத் தொடங்கின. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனரிமாரின் அச்சியந்திரமும், 1841இலே தொடங்கிய 'உதயதாரகை'யும், 1849இலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரசாலையும் அச்செழுத்தை மக்கள் வாழ்வுக்குள் கொண்டுவந்தன. அச்சு எழுத்துக்கு நிலையான உருவத்தைக் கொடுத்தது, புள்ளியை உறுதிப்படுத்தியது, சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டியது. அறிவுப் பரவலுக்கு இவை பேருதவி புரிந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்செழுத்து நிலைபெற நிலைபெற, கையெழுத்து அதனின்றும் விலகித் தனிவழியிலே தொடர்ந்து வளர்ந்தது. இப்பிரிவு எமது எழுத்து வரலாற்றிலே போதிய கவனம் பெறாத ஒன்றாகும்.

4. தமிழ் ஓட்டெழுத்தின் இயல்புகள்

ஆங்கிலத்திலே போன்று தமிழிலே அடுத்தடுத்த எழுத்துக்களை ஒரு கோட்டால் இணைத்தெழுதும் பொதுவழக்கு இல்லை. இதனாலே தமிழிலே ஓட்டெழுத்து இல்லை என முடிவு செய்தல் தவறாகும். இங்கு இணைப்பு எழுத்துக்கும் எழுத்துக்குமிடையே நிகழ்வதிலும் பார்க்க, ஓரெழுத்தின் உறுப்புக்களுக்கிடையே மிகுதியாக நிகழ்கின்றது. 'தி', 'கி' என்பனவற்றை விரைந்து எழுதுபவர் மெய்யின் இறுதிக் கோட்டிலிருந்து கையை எடுக்காமலே விசிறியை மேலே வளைப்பர். 'ண', 'ன' என்பவற்றின் சுழிகள் அலைகளாகத் தளரும். ஐகாரத்தின் இரு சுழியும் ஒரே நெளிவாகும். புள்ளி சிறு வட்டமாகவோ குறுங்கோடாகவோ மாறும். சிலர் கையிலே அது எழுத்தின் தலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

உண்மையான தமிழ்க் கூட்டெழுத்தைக் காண விரும்புவோர் கணக்கேடுகளையும் பழைய காணி உறுதிகளையும் நோக்குதல் வேண்டும். நாளைக் குறிக்கும் ௳, மாதத்தைக் குறிக்கும் ௴, வருடத்தைக் குறிக்கும் ௵, மேற்படி என்பதைக் குறிக்கும் ௸, ரூபாயைக் குறிக்கும் ௹ ஆகியன யாவும் தொழிலின் அவசரத்திலே சொற்கள் சுருங்கி இறுகிப் பிறந்த வடிவங்களேயாம். கணக்கரும் நொத்தாரிசுமாரும் நாள்தோறும் எழுதி எழுதி உருவாக்கிய இவை, 2003இலே வெளியான ஒருங்குறியின் நான்காம் பதிப்பிலே இடம்பெற்றன. அலங்காரத்துக்காக ஒருவர் இருந்து வரைந்தவை அல்ல இவை. உழைப்பின் தேவையே இவற்றை ஆக்கிற்று.

எழுத்துச் சீர்திருத்தமும் இங்கு கருதற்பாலது. 1935இலே பெரியார் 'குடி அரசு' இதழில் வழக்குக்குக் கொண்டுவந்த மாற்றங்களுட் சிலவற்றை 1978இலே தமிழ்நாட்டு அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்கள் புதிய உருப் பெற்றன. முன்னைய 'லை'யும் 'னை'யும் மெய்யின் தலைமேலே யானைத் துதிக்கை போன்று வளைந்த கொம்பைக் கொண்டிருந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் அவை சுமையாக இருந்தன. குழந்தைக்கும் தனித்து நினைவிற் கொள்ளவேண்டிய விதிவிலக்குகளாயின. எனவே சீர்திருத்தம் நியாயமானதே. எனினும், அப்பழைய உருவங்கள் கையின் ஓட்டத்திலே பிறந்தவை என்பதை மறத்தலாகாது. பழைய முறையிலே கற்ற முதியோர் பலர் இன்றும் கடிதத்திலே துதிக்கைக் கொம்பையே எழுதுகின்றனர். அச்சிலிருந்து நீங்கியது கையிலிருந்து நீங்குவதற்கு ஒரு தலைமுறைக்கு மேலாகின்றது.

5. கணினிக்கு முன்னர்

ஈய எழுத்துக் காலத்திலே தமிழ் ஓட்டெழுத்தை அச்சுக்கோத்தல் எளிதன்று. ஒன்றன்மேலொன்று படிந்து நிற்கவேண்டிய மெல்லிய நீட்சிகள் ஈயத்திலே முறிந்துவிடும். ஆதலாற் கையெழுத்துச் சாயல் வேண்டப்பட்ட இடங்களிலே ஓவியர் ஒருவர் எழுதி, அது 'புளொக்' செய்யப்பட்டது. சஞ்சிகைகளின் பெயர்களும் சிறுகதைத் தலைப்புக்களும் நூல்களின் முகப்புக்களும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தன. தமிழ்நாட்டிலே 2008இற் காலமான ஓவியர் ஆதிமூலம், கோட்டோவியத்தின் வேகத்தைத் தலைப்பெழுத்துக்களுக்குக் கொடுத்து நவீன இலக்கிய வெளியீடுகளின் தோற்றத்தையே மாற்றினார்.

இன்னொரு வழி ஸ்ரென்சில் தாளாகும். மெழுகு பூசிய அத்தாளிலே இரும்பு முனையாற் கீறி, றோனியோ இயந்திரத்திலே பிரதி எடுத்தல் சிக்கனமான முறை. பாடசாலைப் பரீட்சைத்தாள், சனசமூக நிலைய அறிவித்தல், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் முதலியன இம்முறையிலே வெளிவந்தன. பனையோலைக்கு எழுத்தாணி பிடித்த சமூகம் மெழுகுத்தாளுக்கும் எழுத்தாணியே பிடித்தது எனலாம். கையெழுத்துச் சஞ்சிகை இதற்கும் எளிய வடிவமாகும். ஒரே பிரதியாக எழுதப்பட்டு வாசிகசாலையிலே கைமாறிய அச்சஞ்சிகைகள் எழுதப் பழகுவோருக்குப் பயிற்சிக்களமாயின. 1990இன் பின்னர் குடாநாட்டிலே மின்சாரம் தடைப்பட்டு, பொருளாதாரத் தடையால் தாளும் மையும் அரிதாகி, நாளிதழே அப்பியாசக் கொப்பித் தாளிலே அச்சாகிய காலத்தில் எழுதத் தெரிந்த கையின் பெறுமதி மீண்டும் உணரப்பட்டது.

மூன்றாவது வழி சுவரும் பலகையும் ஆகும். கடைத்தெருப் போட் எழுதும் தொழிலாளி தூரிகையின் ஒரே இழுப்பிலே 'ா'வை இறக்கி, மறு இழுப்பிலே 'ி'யை வளைத்தார். அவர் பெயரைக் கலைவரலாறு குறிக்கவில்லை. ஆயினும் ஒரு கடைத்தெருவின் முகத்தை எழுதியவர் அவரேயாவர். அச்சிட்ட பிளாஸ்ரிக் பதாகைகள் மலிந்தபின் அத்தொழில் நலிந்துவிட்டது. இன்று அவருடைய தூரிகைச் சாயலையே கணினி எழுத்துருவாக வாங்கி அதே பதாகையிலே அச்சிடுகின்றனர். உழைப்பாளி நீங்கியபின் உழைப்பின் தோற்றம் மாத்திரம் சந்தைப்பொருளாக எஞ்சும் நிலையினை இங்கு காண்கின்றோம்.

6. எழுத்துருவாக்கத்தின் சிக்கல்கள்

கணினியிலே தமிழ்க் கையெழுத்துச் சாயலை ஆக்குவோர் எதிர்நோக்கும் முதற் சிக்கல் திரும்பவருதலாகும். 'அம்மம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதிலே மகரம் நான்கு முறை வருகின்றது. மனிதர் எழுதினால் நான்கும் சற்றே வேறுபடும். முதலாவது நிமிர்ந்திருக்கும், இறுதியானது காலை நோக்கி ஓடும். எழுத்துருவிலோ நான்கும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும். அக்கணமே கையெழுத்து என்ற மாயை கலைந்துவிடும். இதனைத் தவிர்க்க ஓரெழுத்துக்குப் பல மாற்றுருக்களை வரைந்து, சூழலுக்கேற்ப அவை மாறி மாறி வருமாறு விதிகளை எழுத்துருவினுள் அமைக்கும் வசதி இன்று உண்டு. ஆனால் தமிழிலே உகர, ஊகார வரிசைகளுக்கு மாத்திரம் 18 மெய்களுக்கும் 36 தனியுருக்கள் வேண்டும். 'டி', 'டீ' போன்றவை வேறு. ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று மாற்றுருக்கள் எனில் வேலை மும்மடங்காகும். இவ்வுழைப்பைத் தவிர்ப்போர் அச்செழுத்தைச் சரித்து, விளிம்பைக் கரடாக்கி, கையெழுத்து எனப் பெயரிடுகின்றனர். சாய்வு ஒன்றே கையெழுத்தாகாது என்பதை அல்தூசின் வரலாறு முன்னரே உணர்த்தியது.

இரண்டாவது சிக்கல் மயக்கமாகும். சுழிகளைத் தளர்த்தும்போது 'மனம்' என்பதும் 'மணம்' என்பதும், 'கனம்' என்பதும் 'கணம்' என்பதும் ஒன்றாகத் தோன்றலாம். கடிதத்திலே முன்பின் தொடர்பு கொண்டு வாசகர் தெளிவர். ஒரேயொரு சொல் நிற்கும் பெயர்ப்பலகையிலே அத்துணை இல்லை. ஆகவே ஓட்டத்தின் இயல்பும் உருவத்தின் தெளிவும் சமன்பெறுமாறு செய்தலே எழுத்துருக் கலைஞரின் திறமையாகும்.

இத்துறையிலே நம்பிக்கை தரும் முயற்சிகளும் உள. இலங்கையைச் சேர்ந்த எழுத்துருக் கலைஞர் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துரு, தமிழ்க் கையெழுத்தின் சாய்ந்த நடையைத் தழுவியது. திறந்த உரிமத்திலே எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாக அது வெளியிடப்பட்டுள்ளது. கடன்பெற்ற உரோம எழுத்தின் சாயலை விடுத்துத் தமிழ்க் கையின் அசைவை நோக்கும் இத்தகைய முயற்சிகள் பெருகுதல் வேண்டும்.

7. பயன்பாடும் பொருத்தப்பாடும்

கையெழுத்துச் சாயல் எழுத்துரு ஒரு குரலின் அண்மையைக் குறிப்பதாகும். எனவே தனிமனிதர் பேசும் இடங்களுக்கு அது பொருந்தும். சித்திரக்கதையின் உரையாடல், நாவலிலே வரும் கடிதம், வாழ்த்து மடல், நாடக அறிவித்தல், கவிதைத் தொகுதியின் முகப்பு, சிறு கடையின் பெயர்ப்பலகை என்பன அத்தகையவை. குறுகிய வாசகமும் பெரிய உருவமும் அதற்கு ஏற்றவை. பல பக்கக் கட்டுரைக்கு அது ஒவ்வாது. சிறிய அளவிலே சுழிகள் அடைபடும், கண் களைக்கும். மருந்துக் குறிப்பு, வீதி எச்சரிக்கை, வாக்காளர் அறிவித்தல், சட்ட ஆவணம் முதலியவற்றிலே தெளிவே உயிராதலால் அதற்கு அங்கே இடமில்லை. எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தையின் பாடநூலிலும் எழுத்தின் உறுப்புக்கள் ஐயமின்றித் தெரிதல் வேண்டும்.

இதனினும் நுட்பமான வினா ஒன்று உண்டு. எமது பிரதேசத்திலே ஒருவர் இறந்த 31ஆம் நாளிலே நினைவு மலர் வெளியிடும் வழக்கம் பரவலானது. முன்னர் அதனைக் 'கல்வெட்டு' என்றனர். அம்மலரிலே இறந்தவர் எழுதிய கடிதமொன்றைப் படமாகப் பதித்தால் அது ஆவணமாகும். அவருடைய நடுங்கிய கையும், அடித்துத் திருத்திய சொல்லும் அவரையே எம்முன் நிறுத்தும். அதற்குப் பதிலாக, பிள்ளைகள் சார்பிலே அச்சகத்தார் ஆக்கிய இரங்கலுரையைக் கையெழுத்துச் சாயல் எழுத்துருவிலே இட்டால், எவரும் எழுதாத ஒன்றை எழுதியதாகக் காட்டுதலாகும். துயரம் பொய்யன்று. ஆனால் அதன் கை பொய்யாகும். வங்கிகளும் பெருவணிக நிறுவனங்களும் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று இவ்வெழுத்திலே விளிப்பதும் இத்தகையதே. அந்நியமான உறவுக்கு அண்மையின் வேடம் புனையப்படுகின்றது. எனவே, பொருத்தப்பாட்டுக்கான அளவுகோலாக ஒரு கேள்வியைக் கொள்ளலாம்: இவ்வாசகத்தின் பின்னால் உண்மையிலே ஒரு மனிதர் நிற்கின்றாரா?

8. யாருடைய கை?

'தமிழ்க் கையெழுத்து' என்று பொதுவாகக் கூறும்போது, எழுதும் உரிமை எம் சமூகத்திலே எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை என்ற உண்மை மறைந்துவிடுகின்றது. ஏடும் எழுத்தாணியும் சாதியமைப்பின் மேற்படிகளிலே நீண்டகாலம் தங்கியிருந்தன. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாசல் எளிதிலே திறக்கவில்லை. வடமராட்சியிலே, நெல்லியடியை அடுத்த கரவெட்டிப் பகுதியில், சூரன் அவர்களின் விடாமுயற்சியால் உருவாகிய தேவரையாளிப் பாடசாலை இவ்வகையிலே வரலாற்று முக்கியத்துவம் உடையது. பின்னாளிலே எழுத்தாளர் தெணியான் அங்கு ஆசிரியராகப் பணியாற்றினார். எழுதுகோல் மறுக்கப்பட்ட கைகளிலிருந்து இலக்கியமே பிறந்தமைக்கு இப்பிரதேசம் சான்றாகும்.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதி ஒடுக்குமுறைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1967இலே தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. அக்காலச் சுலோக அட்டைகளும் சுவரெழுத்துக்களும் கையால் எழுதப்பட்டவையே. அவற்றின் கோணலும் அவசரமும் அழகுக் குறைபாடுகளல்ல. எழுதியவர் எத்தகைய சூழலிலே எழுதினார் என்பதற்கு அவையே சாட்சியம். கையெழுத்துச் சாயல் எழுத்துருவுக்கு மாதிரி தேடுவோர் அழகிய உறுப்பெழுத்தை மாத்திரம் தேடுவராயின், இக்கைகள் மீண்டும் ஒருமுறை வெளியே நிறுத்தப்படும்.

9. முடிவுரை

தமிழிலே கையெழுத்துச் சாயல் எழுத்துரு என்பது அச்செழுத்தைச் சரிக்கும் வித்தை அன்று என்பதும், அது ஒரு சமூகத்தின் கை எவ்வாறு அசைந்தது என்பதன் பதிவாதல் வேண்டும் என்பதும் மேற்கூறியவற்றாற் பெறப்படும். அப்பதிவுக்கு வேண்டிய மூலங்களோ அழிந்துகொண்டிருக்கின்றன. 1981 மே இறுதியிலும் யூன் முதலாம் நாளிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளிலே எஞ்சியிருந்தவற்றையும் சிதறடித்தன.

இன்னும் எஞ்சியுள்ளவை பல. 1983இன் பின்னர் புலம்பெயர்ந்தோருக்கும் ஊரிலிருந்தோருக்குமிடையே சென்றுவந்த நீலநிற வான்கடிதங்களிலே, ஓரத்தையும் விடாது நெருக்கி எழுதிய தாய்மாரின் கையெழுத்து உண்டு. காணி உறுதி, கடைக் கணக்குப் புத்தகம், நாடகப் பிரதி, கையெழுத்துச் சஞ்சிகை, றோனியோப் பிரசுரம் ஆகியனவும் உள. 2005முதல் நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகின்றனர். பல்கலைக்கழக மாணவர் ஊர்தோறும் சென்று, உரியவரின் இசைவோடு, வெவ்வேறு தொழிலும் வயதும் சமூகப் பின்னணியும் உடையோரின் எழுத்து மாதிரிகளைத் திரட்டி அப்பணிக்குத் துணைபுரிதல் கூடும். ஒவ்வொரு மாதிரியோடும் எழுதியவரின் காலம், ஊர், கல்வி, பயன்படுத்திய கருவி என்பன குறிக்கப்படல் வேண்டும். அதன்மேல் எழுத்துருக் கலைஞரும் மொழியியலாளரும் கூடி உழைப்பாராயின், நெல்லியடிச் சந்தியிலே தொங்கும் பதாகையிலே ஒருநாள் எம்மவரின் உண்மையான கைவண்ணத்தைக் காணலாம்.